சாக்பீஸ் மலையில் சைக்கிள்!

முதலில் ஒரு வாக்குமூலம். 2011-லிருந்து நான் சைக்கிளைத் தொடவில்லை.

ஓட்டத் தெரியாமல் இல்லை. அந்த வருஷம் ஒரு திங்கட்கிழமைக் காலை, ஆபீஸ் போகிற வழியில், பின்னாலிருந்து வந்த ஒரு வேன் என் ஹேண்டில்பாரை லேசாக, ரொம்ப லேசாக, பாட்டி விபூதி பூசுகிற மாதிரி தடவிவிட்டுப் போனது. வேன் போய்விட்டது. நான் போகவில்லை. இடது காறை எலும்பு இரண்டாகி, ஆறு வாரம் கையைத் தூளி கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு அலைந்தேன். (இடது கை என்பதால் சாப்பாட்டுக்குப் பங்கமில்லை.)

எலும்பு கூடிவிட்டது. சைக்கிள் பால்கனிக்குப் போயிற்று. அன்று முதல் அதன் வேலை, துண்டு காயப்போட இடம் கொடுப்பது. பி.காம். பாஷையில் சொன்னால் முழுத் தேய்மானம் எழுதப்பட்ட சொத்து.

இப்போது என் மகளுக்கு ஒன்பது வயது. "அப்பா, எனக்கு எப்பப்பா சைக்கிள் கத்துத் தருவே?"

"அடுத்த லீவுல கண்ணா."

மூன்று லீவு வந்துவிட்டுப் போயிற்று. மனைவி ஒருநாள் காபி டம்ளரை டங்கென்று வைத்துவிட்டுச் சொன்னாள்: "உங்கப்பா ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பார்த்தவர்டி. எதையும் அடுத்த வருஷத்துக்கு கேரி ஃபார்வர்டு பண்ணிடுவார்!"

காபி அன்று கொஞ்சம் கசந்தது.

இந்த நிலைமையில்தான், கூடப் படித்த நண்பன் ஒருவன் இங்கிலாந்தில் பிரைட்டன் என்கிற கடற்கரை ஊரில் வீடு வாங்கிவிட்டு, "வந்து பத்து நாள் இருந்துட்டுப் போடா" என்று கூப்பிட்டான். ஜூன் மாதம். ராத்திரி ஒன்பது மணிக்குக் கூட வெயில் அடிக்கிற ஊர். போய் இறங்கிய மூன்றாம் நாள், கராஜிலிருந்து இரண்டு சைக்கிள்களை வெளியே தள்ளினான்.

"மச்சி, நாளைக்கு மலைக்குப் போறோம்."

"நான் வரலை."

"ஏன்?"

"வேன்."

"அங்கே வேனே கிடையாதுடா. காரே கிடையாது. ஆடுதான் உண்டு."

ஆடு மோதி எலும்பு உடைந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

டவுன்ஸ் என்றால் மேடு

நாங்கள் போன மலைத் தொடரின் பெயர் சவுத் டவுன்ஸ். மலைக்குப் போய் 'டவுன்' என்று பெயரா என்று சிரிக்காதீர்கள். பழைய ஆங்கிலத்தில் 'டூன்' என்றால் குன்று. அது தேய்ந்து டவுன் ஆகிவிட்டது. ஏறும்போது மூச்சு வாங்கினால் யார் மேலும் கேஸ் போட முடியாது.

இந்தக் குன்றுகளின் முதுகு மேலேயே ஒரு பாதை ஓடுகிறது. சவுத் டவுன்ஸ் வே. மேற்கே வின்செஸ்டரில் ஆரம்பித்து, கிழக்கே ஈஸ்ட்போர்னில் கடலைத் தொட்டு முடிகிறது. மொத்தம் 160 கிலோமீட்டர். 1972-ல் திறந்தார்கள், பிற்பாடு வின்செஸ்டர் வரை நீட்டினார்கள். முதல் முனையிலிருந்து கடைசி முனை வரை நடந்தும் போகலாம், குதிரையிலும் போகலாம், சைக்கிளிலும் போகலாம். 2010 முதல் இந்தப் பிரதேசம் முழுக்க தேசியப் பூங்கா.

நாம் ஊட்டி, கொடைக்கானல் பார்த்தவர்கள். இவர்கள் மலை என்று சொல்வதைப் பார்த்தால் கொஞ்சம் சிரிப்பு வரும். நாங்கள் ஏறிய டிட்ச்லிங் பீக்கன் 248 மீட்டர். தொட்டபெட்டா 2,600 மீட்டருக்கும் மேல். ஆனால் ஒரு விஷயம். தொட்டபெட்டாவுக்கு நான் டாக்சியில் போனேன். இதற்கு என் காலில் போனேன். 248 மீட்டர் என்பது எவ்வளவு உயரம் என்று என் தொடையைக் கேளுங்கள், விவரமாகச் சொல்லும்.

குன்றுகளின் அமைப்பு வேடிக்கையானது. வடக்குப் பக்கம் சுவர் மாதிரி செங்குத்தாக நிற்கிறது. தெற்குப் பக்கம் சாய்வு நாற்காலி மாதிரி மெதுவாகக் கடலை நோக்கிச் சரிகிறது. நடுவே முதுகு மட்டும் ஏறி இறங்கி, ஏறி இறங்கி... போர்வைக்குள் யாரோ முழங்காலை மடக்கிப் படுத்திருக்கிற மாதிரி. ஒரு பக்கம் பார்த்தால் வயலும் தோப்பும். மறுபக்கம் பார்த்தால் கடல்.

ஆயிரம் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர்

பாதையில் முதல் தடவை கால் வைத்ததும் குனிந்து பார்த்தேன். வெள்ளை! ஷூவில் ஒட்டிக்கொண்டதைத் தேய்த்துப் பார்த்தால், சந்தேகமே இல்லை, சாக்பீஸ். நம் வாத்தியார்கள் குறி தப்பாமல் நெற்றிக்கு எறிந்தார்களே, அதே சமாச்சாரம். (இப்போது விற்கிற சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சம். இது ஒரிஜினல்.)

இந்த மலை முழுக்க ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகள், தம் உடம்பைச் சுற்றிச் சுண்ணாம்புத் தகடுகள் செய்துகொண்டு வாழ்ந்தன, செத்தன, அடியில் படிந்தன. ஆயிரம் வருஷத்துக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர். இப்படியே கோடிக்கணக்கான வருஷம். உலகத்திலேயே மிகப் பொறுமையான ரெக்கரிங் டெபாசிட் இதுதான். பிறகு ஆப்பிரிக்கா வந்து ஐரோப்பாவை முட்ட, அந்த நெருக்கலில் இங்கேயும் தரை மேலே வளைந்து எழும்பியது. நடுப் பாகம் கரைந்து போக, மிச்சம் நிற்பது வடக்கே ஒரு குன்றுத் தொடர், தெற்கே ஒரு குன்றுத் தொடர்.

அந்த யுகத்துக்கு க்ரெட்டேஷியஸ் என்று பெயர். 'க்ரெட்டா' என்றால் லத்தீனில் சாக். அதே யுகத்தின் கடல் நம் அரியலூரையும் மூடியிருந்தது. இன்றைக்கும் அங்கே நிலத்தில் சிப்பியும் நத்தையும் கல்லாகிக் கிடைக்கின்றன. அந்தச் சுண்ணாம்புக் கல்லைத்தான் சிமெண்ட் ஆக்கிக்கொண்டிருக்கிறோம். அவர்கள் அதன் மேல் ஆடு மேய்க்கிறார்கள், சைக்கிள் விடுகிறார்கள். யார் புத்திசாலி என்று நான் சொல்லமாட்டேன். என் வீடும் சிமெண்டில் கட்டியதுதான்.

சைக்கிள்காரனுக்கு இந்த மண்ணில் ஒரு சௌகரியம், இரண்டு அசௌகரியம். மழைத் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும்; அதனால் வெயில் காலத்தில் பாதை கெட்டியாக, சிமெண்ட் போட்ட மாதிரி ஓடும். அது சௌகரியம். மழையில் நனைந்துவிட்டால் சோப்பு போட்ட துவைகல்தான். வைத்த கால் நிற்காது. அது முதல் அசௌகரியம். இரண்டாவது, சாக்குக்கு நடுவே துருத்திக்கொண்டு நிற்கிற சிக்கிமுக்கிக் கற்கள். ஆதி மனிதன் கத்தி செய்த கல். டயரை அறுக்க அதற்குப் புதிதாகப் பயிற்சி தேவையில்லை.

அப்பாவின் கிராவல் பைக்

நண்பன் கொடுத்த சைக்கிளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதற்குக் கிராவல் பைக் என்று பெயர். கிராவல் என்றால் சரளைக் கல். பார்ப்பதற்கு ரேஸ் சைக்கிள் மாதிரி ஆட்டுக்கொம்பு ஹேண்டில்பார்; ஆனால் டயர் தடியாக, 40 மில்லிமீட்டர் அகலம். டிஸ்க் பிரேக். ஏற்றத்துக்கென்று ஒரு கியர். பெடலை ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஏறக்குறைய ஒரே சுற்றுதான் சுற்றும். நடப்பதைவிட மெதுவாகப் போகலாம், ஆனால் கௌரவமாகப் போகலாம்.

டயருக்குள் ட்யூப் கிடையாது. பதிலாக, ரப்பர் பால் கலந்த ஒரு வெள்ளைத் திரவம். முள் குத்தினால் அந்தப் பால் ஓடிவந்து ஓட்டையை அடைத்துக் காய்ந்துவிடும். நம்மூர்த் தெருமுனை பங்ச்சர் கடை அண்ணன் கேட்டால் கண்ணீர் விடுவார்.

இது அமெரிக்காவில் கன்சாஸ் மாதிரி மாநிலங்களின் மண் ரோடுகளில் பிரபலமாகி, 2006-ல் அங்கே ஒரு பெரிய பந்தயம் ஆரம்பித்து, 2022-ல் இத்தாலியில் உலக சாம்பியன்ஷிப்பே நடந்துவிட்டது. நண்பன் இதையெல்லாம் பக்தியோடு விளக்கிக்கொண்டிருந்தபோது, நான் டயரின் பக்கவாட்டில் எழுதியிருந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். 40.

அப்பாவின் ஹெர்குலிஸ் ஞாபகம் வந்தது. அதன் டயர் 28-க்கு ஒன்றரை இஞ்ச். ஒன்றரை இஞ்ச் என்றால் 38 மில்லிமீட்டர். ஏறக்குறைய இதே அகலம்!

ஹெர்குலிஸும் இங்கிலாந்துச் சரக்குதான். பர்மிங்ஹாமில் பிறந்த பெயர். 1949-ல் நம் சென்னையில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், அதை நம் வீட்டுப் பிள்ளை ஆக்கியது. அப்பா அந்த வண்டியில், விழுப்புரம் பக்கத்து கப்பி ரோட்டில், முன்பாரில் என்னையும் பின்கேரியரில் அரிசி மூட்டையையும் வைத்துக்கொண்டு பதினோரு கிலோமீட்டர் போவார். கியர் கிடையாது, ஒரு மிதிக்குச் சக்கரம் இரண்டரை சுற்று சுற்றும். டிஸ்க் பிரேக் கிடையாது. ஹெல்மெட் கிடையாது. வேட்டி உண்டு.

"மச்சி, எங்கப்பா ஓட்டினதும் கிராவல் பைக்தான்டா" என்றேன்.

நண்பன் யோசித்துவிட்டு, "ஆமாம்ல?" என்றான். பிறகு என்னிடம் ஒரு நிக்கரை நீட்டினான். உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தது. போட்டுக்கொண்டு நடந்தால் டயபர் கட்டிய குழந்தை நடப்பது போலவே இருந்தது. அப்பாவுக்கு இந்த அவமானம் இல்லை.

குதிரையிடம் பேசு!

பிரைட்டனிலிருந்து ரயிலில் சைக்கிளோடு ஏறி, பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் ஹாஸாக்ஸ் என்ற சின்ன ஸ்டேஷனில் இறங்கினோம். மலை முதுகுக்கு ஏறி, கிழக்கே போய், சவுத்தீஸ் என்ற இன்னொரு குட்டி ஸ்டேஷனில் இறங்குவதாகத் திட்டம். 25 கிலோமீட்டர் சொச்சம்.

ஸ்டேஷனிலிருந்து மலையடிவாரம் வரை கொஞ்ச தூரம் கார் ரோட்டை ஒட்டிப் போக வேண்டியிருந்தது. அந்தக் கொஞ்ச தூரமும் என் இடது தோள் காது வரை உயர்ந்தே இருந்தது. பின்னால் எஞ்சின் சத்தம் கேட்டால் போதும், தானாகவே தூக்கிக்கொள்ளும். இத்தனை வருஷப் பழக்கம்.

அடிவாரத்தில் திரும்பியதும் ஏற்றம். வெள்ளையான, ஓடை மாதிரி குழிந்த வழி. நான் ஓட்டவில்லை, தள்ளினேன். மேலே போனால் இரண்டு காற்றாலைகள். ஜாக், ஜில் என்று பெயர். ஜாக் கறுப்பு, ஜில் வெள்ளை. ஜில் 1821-ல் பிரைட்டனில் கட்டப்பட்டவள். 1852-வாக்கில் எருது பூட்டி இந்த மேட்டுக்கு இழுத்து வந்திருக்கிறார்கள். ஒரு ஆலையையே இழுத்து ஏற்றியிருக்கிறார்கள், நான் பதினோரு கிலோ சைக்கிளுக்கு அலுத்துக்கொள்கிறேன் என்று வெட்கமாக இருந்தது.

அங்கிருந்து முதுகுப் பாதை. ஏறி உட்கார்ந்தேன். மிதித்தேன். சைக்கிள் மறக்காது என்பார்களே, நிஜம். உடம்புக்கு ஞாபகம் இருக்கிறது.

டிட்ச்லிங் பீக்கன் வந்தது. பீக்கன் என்றால் எதிரி வருகிறான் என்று ஊருக்குச் சொல்ல நெருப்பு மூட்டும் உச்சி. இந்த ஓரிடத்தில் மட்டும் ஒரு கார் ரோடு மலையைத் தாண்டுகிறது. 1994-ல் டூர் டி ஃபிரான்ஸ் பந்தயம் இங்கிலாந்துக்கு வந்தபோது, இந்த ஏற்றத்தின் வழியாகத்தான் பிரைட்டனுக்குப் போனார்கள். ரோட்டைத் தாண்டி ஒரு கேட். கேட்டைச் சாத்தியதும் சத்தமெல்லாம் பின்னால் நின்றுவிட்டது.

அதற்கப்புறம்... எப்படிச் சொல்வது? வானம்பாடி தலைக்கு மேல் நின்ற இடத்திலேயே பாடுகிறது. ஆடு மேய்ந்து மேய்ந்து புல் ஜமுக்காளம் மாதிரி இருக்கிறது. இந்தப் புல்லில் ஒரு சதுர மீட்டருக்குள்ளேயே நாற்பது வகைச் செடிகள் வரை இருக்குமாம். சாக் மண்ணில் தண்ணீர் நிற்காது என்பதால், ஆடுகளுக்காகக் களிமண் மெழுகிக் கட்டிய வட்டக் குட்டைகள் அங்கங்கே. பனிக்குட்டை என்று பெயர். நிரப்புவதென்னவோ பெரும்பாலும் மழை. கால் மணி நேரம் போனபிறகுதான் கவனித்தேன். என் இடது தோள் கீழே இறங்கியிருந்தது.

எதிரே ஒரு குதிரை. மேலே ஒரு பெண்மணி. நண்பன் ஓரமாக இறங்கி நின்றான்.

"பேசுடா!"

"யாரோட?"

"குதிரையோட. ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி, சத்தமில்லாம உருளுற சக்கரம்... அது உன்னை என்ன மிருகம்னு நினைக்கும்? மனுஷக் குரல் கேட்டாத்தான் பயம் போகும்."

எனக்கு அவசரத்தில் ஆங்கிலம் வரவில்லை. "வாங்க, வாங்க, சௌக்கியமா?" என்றேன். குதிரை காதை ஒரு தடவை திருப்பிவிட்டு மரியாதையாகத் தாண்டிப் போயிற்று. அந்த அம்மாள் நன்றி சொன்னார்.

"இது மரியாதை மட்டும் இல்ல மச்சி, சட்டம்" என்றான் நண்பன். அவன் சொன்னதன் சுருக்கம் இது. இந்தப் பாதை போகிற நிலத்தில் பெரும்பகுதி யாரோ ஒருவருடைய பண்ணை. ஆனால் நூற்றாண்டுகளாக ஜனங்கள் போய் வந்த வழி என்பதால், அதை யாரும் மறிக்க முடியாது. இப்படிக் குதிரை போகிற வழிக்கு பிரைடில்வே என்று பெயர். அதில் நடக்கவும் குதிரையில் போகவும் மட்டும்தான் ரொம்ப காலம் உரிமை இருந்தது. 1968-ல் ஒரு சட்டம் வந்து, சைக்கிளும் போகலாம் என்றது. கூடவே ஒரு நிபந்தனை: நடப்பவருக்கும் குதிரைக்காரருக்கும் சைக்கிள்காரன் வழி விட வேண்டும். மோட்டார் வண்டிக்கு உரிமையே இல்லை. (பண்ணைக்காரர் தன் டிராக்டரை ஓட்டிக்கொள்ளலாம்.)

அதாவது நம் ரோட்டின் சட்டத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டது. நம் ரோட்டில் யார் பெரியவனோ அவன் முன்னால். இங்கே யார் மெதுவோ அவர் முன்னால்.

நான் தலையாட்டினேன். பரீட்சைக்குப் படித்த மாதிரி புரிந்தது. உடம்புக்குப் புரிய இன்னும் கொஞ்சம் தூரம் இருந்தது.

நான்தான் வேன்

பிளாக் கேப் என்ற மேட்டருகே பாதை தெற்கே திரும்பி இறங்க ஆரம்பிக்கிறது. நீளமான இறக்கம். மிதிக்கவே வேண்டாம். அதுவரை ஏறியதெல்லாம் பற்று, இது வரவு.

கையைத் தளர்த்தினேன். காற்று காதில் 'ஹோ' என்று கத்தியது. எதிரே கடல். கண்ணில் தண்ணீர், காற்றினாலா, வேறு எதனாலா என்று கேட்காதீர்கள். இத்தனை வருஷத்துக்கு அப்புறம் எனக்கு இருபது வயசு. பிரேக் என்ற ஒன்று இருப்பதே மறந்துவிட்டது.

வளைவு திரும்பியதும் முன்னால் ஒரு அம்மாள். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். இரண்டு கையிலும் ஊன்றுகோல். முதுகு என் பக்கம்.

மணி அடிக்கவில்லை. கூப்பிடவில்லை. பக்கத்தில் இடம் இருந்தது, சர்ரென்று போய்விட்டேன். தாண்டும்போது அவர் திடுக்கிட்டுப் புல்லுக்குள் தடுமாறுவது ஓரக்கண்ணில் தெரிந்தது. கோல் ஒன்று கீழே விழுந்தது. அவர் தோள்... இடது தோள்... காது வரை உயர்ந்தது.

அந்தத் தோளை எனக்குத் தெரியும்.

பிரேக்கை அழுத்தி, சறுக்கி, எங்கோ கீழே போய் நின்றேன். சைக்கிளைப் போட்டுவிட்டு மேலே நடந்தேன். கால் நடுங்கியது. அவர் விழவில்லை. அது அவர் அதிர்ஷ்டம். என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. கோலை எடுத்துக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன்.

"மணி என்று ஒன்று வைத்திருக்கிறீர்களே, அது அலங்காரத்துக்கா?" என்று கேட்டார். கோபமாக இல்லை. வாத்தியாரம்மா கேட்கிற மாதிரி. பிறகு நான் எங்கிருந்து வருகிறேன் என்று விசாரித்து, "இன்று வெயில் உங்கள் ஊர் மாதிரி இருக்கிறது, இல்லையா?" என்றார். 22 டிகிரி. ஆமாம் என்றேன். அந்த நிலைமையில் அவர் என்ன சொல்லியிருந்தாலும் ஆமாம்தான்.

அவர் நடந்து போனபிறகும் நான் அங்கேயே நின்றேன். இத்தனை வருஷமாக அந்த வேன் டிரைவருக்கு என் மனசில் ஒரு முகம் வைத்திருந்தேன். சிவந்த கண், முறுக்கு மீசை, வாயில் பான். அப்படியெல்லாம் இருந்திருக்க வேண்டியதில்லை என்று முதல் தடவையாகத் தோன்றியது. ரோடு காலியாக இருந்திருக்கும். காலை நேரக் காற்று. பக்கத்தில் இடம் இருக்கிறது, போய்விடலாம் என்று நினைத்திருப்பார். என்னை மாதிரியே.

அவர் திரும்பி வரவில்லை, நான் வந்தேன். வித்தியாசம் அவ்வளவுதான். அதுவும், என் கையில் இருந்தது பதினோரு கிலோ. அவர் கையில் இருந்தது ஒன்றரை டன். ஒருவேளை ஒன்றரை டன் இருந்திருந்தால் நானும்...? தெரியாது.

சொர்க்கமும் ரோடும்

இறக்கத்தின் முடிவில் ஏ27 என்ற நெடுஞ்சாலை. நான்கு வழி. லாரியும் காரும் ஒன்றன் பின் ஒன்றாக. பாதை ஒரு பாலத்தில் ஏறி அதைத் தாண்டுகிறது. சத்தம் கேட்ட மாத்திரத்தில் என் தோள் மறுபடி எழும்பியது. அதே சைக்கிள், அதே நான், அரைமணி நேரத்துக்கு முன்னால் சிறகு முளைத்துப் பறந்தவன்.

ஆக, நான் பயந்தது சைக்கிளுக்கு இல்லை. இதை இத்தனை வருஷம் தப்புக் கணக்கில் எழுதி வைத்திருந்தேன்.

"நீ தினம் ஆபீஸுக்கு இதிலேயே போயிடலாமே?" என்று நண்பனைக் கேட்டேன்.

"இந்த ரோட்டுலயா? எனக்கென்ன பைத்தியமா?" என்றான். "மலை மேலதான் மச்சி ராஜா. கீழே நாங்களும் ஓரம்தான்."

வெளிநாடு என்றால் எல்லாம் சொர்க்கம் என்று எழுதி உங்களை ஏமாற்ற விரும்பவில்லை. அவர்களுக்கும் ரோடு ரோடுதான். 160 கிலோமீட்டருக்கு ஒரு வெள்ளைக் கோட்டை மட்டும் மெதுவாகப் போகிறவர்களுக்கென்று காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அதுவும் தானாக வந்துவிடவில்லை. கேட்டுப் போராடி, சட்டம் போட்டு, கம்பம் நட்டு, கேட்டுக்கு எண்ணெய் விட்டு வந்தது.

பாலத்துக்கப்புறம் இன்னொரு ஏற்றம், இன்னொரு முதுகு, பிறகு ஊஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு. இந்த வழியில் எங்கோ பூஜ்யம் டிகிரி தீர்க்கரேகையைத் தாண்டுகிறோம். ஹாஸாக்ஸ் மேற்கு அரைக்கோளம். சவுத்தீஸ் கிழக்கு அரைக்கோளம். ஒரே நாளில் அரை உலகத்திலிருந்து மறு அரை உலகத்துக்கு சைக்கிளில் வந்தவன் என்று விசிட்டிங் கார்டில் போட்டுக்கொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த மிச்ச தூரத்தில் நடப்பவர் நாலைந்து பேரைத் தாண்டினேன். ஒவ்வொருவருக்கும் ஐம்பது அடி முன்னாலேயே மணி அடித்தேன். அப்படியும் போதாதென்று இறங்கித் தள்ளினேன். நண்பன் தலையில் அடித்துக்கொண்டான்.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு

1. மே முதல் செப்டம்பர் வரை, நாலு நாள் மழை இல்லாத சமயமாகப் பாருங்கள். ஈரச் சாக்கில் ஓட்டாதீர்கள்.

2. கம்பத்தில் நீல அம்பு என்றால் சைக்கிள் போகலாம். மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு மட்டும். ஈஸ்ட்போர்ன் பக்கம் செவன் சிஸ்டர்ஸ் என்ற வெள்ளைப் பாறைகளின் மேல் போகிற வழி நடப்பவர்களுக்கானது. சைக்கிளுக்கு ஜெவிங்டன் வழியாக உள்பக்கப் பாதை.

3. திறந்த கேட்டைச் சாத்துங்கள். ஆடு தப்பினால் பண்ணைக்காரர் உங்களைத்தான் தேடுவார்.

4. வழியில் சில இடங்களில் குடிநீர்க் குழாய் உண்டு. கடை குறைவு. நான் எலுமிச்சை சாதம் கொண்டுபோனேன். 248 மீட்டர் உயரத்தில் அதன் ருசியே தனி.

5. ஆபீஸ் நேர லண்டன் ரயில்களில் மடக்க முடியாத சைக்கிளை ஏற்ற முடியாது.

6. மணி. முக்கியமாக மணி.

ஊர் திரும்பினேன்

வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை பால்கனியிலிருந்து துண்டுகளை எடுத்தேன். சைக்கிளைக் கீழே இறக்கி, தெருமுனை அண்ணனிடம் கொண்டுபோனேன். டயர் இரண்டும் வெடித்துப் போயிருந்தது. "எவ்ளோ வருஷம் சார் ஆச்சு?" என்றார். சொன்னேன். ஒன்றும் பேசாமல் ஸ்பேனரை எடுத்தார்.

மகளுக்கு இருபது இஞ்ச் சக்கரத்தில் ஒரு சிவப்பு சைக்கிள். காலை ஐந்தரை மணிக்கு, வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மைதானத்தில் பாடம். நான் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். மூன்றாம் நாள் விட்டுவிட்டேன். அவளுக்குத் தெரியாது, தெரிந்தபோது பாதி மைதானம் தாண்டியிருந்தாள்.

பெரிய ரோட்டுக்கு அவளை இன்னும் விடவில்லை. விடவும் தைரியம் இல்லை. பொய் சொல்ல மாட்டேன். நான் மட்டும் காலையில் பால் பூத் வரை போய்வருகிறேன். எஞ்சின் சத்தம் கேட்டால் தோள் எழும்பத்தான் செய்கிறது. முன்னால் யாராவது நடந்துபோனால் மணி அடித்து, வேகத்தைக் குறைத்து, தள்ளிப் போகிறேன். "என்ன சார், இவ்ளோ இடம் இருக்கே, போங்களேன்!" என்கிறார்கள்.

போன வாரம் மைதானத்தில் காலை நடைக்கு வரும் தாத்தா ஒருவர், மகளுடைய சைக்கிளுக்கு முன்னால் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தார். அவள் மணி அடித்தாள். அவருக்குக் கேட்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றுவிட்டாள். அவர் பாட்டுக்குக் கைவீசிக்கொண்டு கடந்து போகிற வரைக்கும் நின்றாள்.

பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "போலாமாப்பா?" என்றாள்.

"போ கண்ணா" என்றேன்.